தம்பிக்கு, காது மெஷினுக்கு

அனுப்புநர்:
பொத்தானக்கா,
பொத்தான், ஜிப், நூல் விற்பனைக் கடை,
வங்கிக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே,
கடைத்தெரு.
(முழுப் பெயர் இணைத்துள்ள கிரெடிட் கார்டு நகலில் உள்ளது. கடைத்தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. மேலே உள்ள பெயரைச் சொன்னால் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விடுவார்கள்.)

பெறுநர்:
உயர்திரு குறைதீர் அதிகாரி அவர்கள்,
இணையவழிப் பணம் செலுத்துவோர் பாதுகாப்புப் பிரிவு,
நுகர்வோர் நலத் துறை.

பொருள்: கிரெடிட் கார்டை இணைத்துப் பணம் அனுப்பும் ஆப் மூலம் காது கேட்கும் கருவி வாங்கி ஏமாந்தது – "உறவினருக்கு அனுப்பியது" என்று ஆப் நிறுவனமும், "பொருள் நன்றாக வந்து சேர்ந்தது" என்று கார்டு நிறுவனமும் புகாரை மூடிவிட்டது – வருகிற செவ்வாய்க்கிழமைக்குள் மறுபடி திறந்து விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் அதிகம் படித்தவள் இல்லை. முதலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம்தான் போனேன். அவர் என் கணவரை "மேற்படி நபர்" என்று எழுதினார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷரை மேற்படி நபர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும். எண் போட்டு எழுதினால்தான் அலுவலகத்தில் படிப்பார்கள் என்று பக்கத்துக் கடைச் சாவிக்காரர் சொன்னதால் எண் போட்டிருக்கிறேன்.

1. என் கணவர் சரக்குக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். கிடங்கில் அவர் வண்டியை ஓட்டுவார், வீட்டில் நான் அவரை ஓட்டுவேன் என்று எங்கள் குடியிருப்பில் எல்லோரும் சொல்வார்கள். ஐயா தவறாக நினைக்க வேண்டாம். யாரையாவது கேலி பேசாவிட்டால் எனக்குச் சாப்பாடு செரிக்காது. அவரும் சளைத்தவர் கிடையாது, நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்றரை சொல்வார். சில காலமாக அவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு, எதற்கெடுத்தாலும் தலையாட்ட ஆரம்பித்தார். வயது ஏற ஏற மனுஷருக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று என் தங்கையிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். பக்குவமாவது ஒன்றாவது, காது போயிருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே வருஷக்கணக்கில் என்ஜின் இரைச்சல் வாங்கிய காது, கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

2. சென்ற மாதம் அவர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, பின்புறம் குனிந்து பெட்டிகளுக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்த சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரைக் கவனிக்கவில்லை. கிடங்கே "மச்சான்" என்று கூப்பிடும் ஆள் அவர். பக்கத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். என் கணவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. சக்கரம் மச்சானின் பூட்ஸ் முனையில் ஏறி நின்றது. முனையில் இரும்பு வைத்த பூட்ஸ் என்பதால் கால் தப்பியது. அன்று வீட்டுக்கு வந்தவர் கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து, "அவன் பூட்ஸ் ஒரு சைஸ் பெருசு. அதான் விரல் பொழச்சுது" என்று மட்டும் சொன்னார். 

கிடங்கின் பாதுகாப்பு மேலாளர் நல்ல மனிதர். உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை. வண்டிச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு, பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் மேசையில் உட்கார வைத்தார். காது மெஷின் வைத்துக்கொண்டு வந்து, கேட்கும் சோதனையில் தேறினால் மறுபடி வண்டி. தேறாவிட்டால் கணக்கு முடித்து அனுப்பிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். சோதனை வருகிற புதன்கிழமை.

3. காது ஆஸ்பத்திரிக்குப் போனோம். கருவி பொருத்தும் பெண் மாதிரிக்கு ஒன்றை அவர் காதில் மாட்டினார். நான் வழக்கம்போல், "பாத்தும்மா, ரொம்ப நல்லா கேக்க வெச்சுடாதீங்க. இத்தனை நாள் நான் பேசினதெல்லாம் மொத்தமா கேட்டுடப் போவுது" என்றேன். என் கணவர் சட்டென்று திரும்பி, "ஏன் இப்படிக் கத்துற? பக்கத்துலதானே இருக்கேன்" என்றார். அவருக்குக் கேட்காமல் போகப் போக நான் கத்திப் பேசப் பழகியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மூன்று பேரும் சிரித்தோம். ஜன்னலுக்கு வெளியே ஏதோ குருவி கத்தியது போலிருக்கிறது, அவர் எழுந்து போய் அதைத் தேடினார். பிறகு விலை சொன்னார்கள். கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

4. அதே கருவி, அதே படம், பாதி விலை என்று கைபேசியில் ஒரு விளம்பரம் வந்தது. செய்தி அனுப்பினேன். முதல் வரியிலேயே "சொல்லுங்க அக்கா" என்று பதில் வந்தது. நானும் "தம்பி" என்று ஆரம்பித்தேன். நான் கடைக்காரி. வருகிறவர்களை அண்ணா, தம்பி, அக்கா, அம்மா என்று கூப்பிட்டுத்தான் இத்தனை காலம் பொத்தான் விற்றிருக்கிறேன். அவர் மிகவும் பொறுமையாகப் பேசினார். "மாமாவுக்கு எந்தக் காதுக்கா? எத்தனை நாளா இப்படி? காதுக்குள்ள இரைச்சல் இருக்கா?" என்றெல்லாம் விசாரித்தார். என் கணவரைத்தான் மாமா என்றார். என் சொந்தத் தங்கைகூட அவ்வளவு விசாரிக்கவில்லை.

5. பணம் செலுத்தப் போனபோது ஆப் ஒரு கேள்வி கேட்டது. பணம் பெறுபவர் விற்பனையாளரா, அல்லது நண்பர், உறவினரா? ஏதாவது ஒன்றைத் தொட வேண்டும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. என் கண்ணாடி கடையில் இருந்தது. அவரிடமே "தம்பி, இதுல எதைத் தொடட்டும்?" என்று கேட்டேன். "என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க, நான் உங்களுக்குத் தம்பி இல்லையா?" என்று பதில் போட்டு, பக்கத்தில் கண்ணீர் விடும் பொம்மை முகம் ஒன்றும் வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலியில் நமக்கு ஈடுகொடுக்க ஒரு பிள்ளை கிடைத்தான் என்று நினைத்துக்கொண்டு, உறவினர் என்பதைத் தொட்டேன். குறிப்பு எழுதக் கேட்ட இடத்தில் "தம்பிக்கு, காது மெஷினுக்கு" என்று எழுதினேன். என் கிரெடிட் கார்டில் இருந்த கடன் வரம்பு முழுவதும் அதோடு தீர்ந்தது.

உறவினர் என்று தொட்டுவிட்டால், பொருள் வராமல் போனாலும், கெட்டது வந்தாலும் ஆப் நிறுவனம் பொறுப்பேற்காது. அந்தச் சின்ன எழுத்தில் இருந்தது அதுதான். சாவிக்காரர் பிறகு படித்துச் சொன்னார்.

6. பெட்டி வந்தது. நகைப் பெட்டி மாதிரி உள்ளே மெத்தை. மெத்தையில் தோல் நிறத்தில் இரண்டு சின்னக் குமிழ்கள். பெட்டியின் அடியில் ஒரு ஆள் நீந்துவது போல் படம் போட்டிருந்தது. தண்ணீர் பட்டாலும் கெடாது போலிருக்கிறது என்று நான் அர்த்தம் செய்துகொண்டேன். இனி குளிக்கும்போதும் என் பேச்சிலிருந்து தப்பிக்க முடியாது என்று அவரிடம் கையாலேயே நடித்துக் காட்டினேன். அவர் இரண்டையும் காதில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். நான் "கேக்குதா?" என்றேன். "கேக்குது" என்றார். நல்லா கேக்குதா என்றதற்கு, "ரொம்ப நல்லா கேக்குது" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தங்கைக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, அவருக்கு எப்போதும் கோபம் வருகிற ஒரு கேலியை மெதுவாகச் சொன்னேன். திரும்பவில்லை. உரக்கச் சொன்னேன். திரும்பவில்லை. கையில் இருந்த எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன். அவர் பாட்டுக்குத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "நீ அவ்ளோ ஆசையா பாத்துட்டு இருந்த. எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார்.

7. சாவிக்காரர் ஒரு குமிழைப் பிளேடால் நடுவில் வெட்டினார். உள்ளே கம்பியும் இல்லை, பேட்டரியும் இல்லை. முழுக்க ரப்பர். நீச்சல் அடிப்பவர்கள் காதுக்குள் தண்ணீர் போகாமல் வைத்துக்கொள்ளும் அடைப்பான் என்று சொன்னார். கேட்காத காதைக் காசு கொடுத்து இன்னும் நன்றாக அடைத்திருக்கிறோம். உடனே விற்றவருக்கு எழுதினேன். "காதை நல்லா சுத்தம் பண்ணிட்டு வெச்சுப் பாருங்க அக்கா" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்த விளம்பரமும் இல்லை, அந்த ஆளும் இல்லை. ஏமாற்றியது ஒரு பக்கம் இருக்கட்டும். அப்போதும் அக்கா என்று முடித்திருக்கிறான் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

8. ஆப் நிறுவனத்தில் புகார் எழுதினேன். அங்கே பதில் எழுதுவது மனிதர் இல்லை, மெஷின் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கும் நான் "வணக்கம் தம்பி" என்று எழுதித் தொலைத்திருக்கிறேன். வந்த பதில் இது: "தங்கள் பரிமாற்றம் உறவினருக்கு அனுப்பப்பட்டது. குடும்பத்தினருக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தில் நிறுவனம் தலையிட இயலாது. தங்கள் தம்பியுடன் பேசித் தீர்வு காணவும்." நகல் இணைத்துள்ளேன். எத்தனை முறை எழுதினாலும் தம்பியுடன் பேசு, தம்பியுடன் பேசு என்றே வருகிறது. அந்தத் தம்பி எங்கே இருக்கிறான் என்று அவர்களுக்காவது தெரிந்தால் எழுதி அனுப்பச் சொல்லவும். நேரிலேயே போய்ப் பேசிக்கொள்கிறேன்.

9. ஐயா, எனக்குத் தம்பியே கிடையாது. கூடப் பிறந்தது ஒரே ஒரு தங்கை. முன்பின் தெரியாத ஒருவரை நம் பேச்சில் வேறு எப்படிக் கூப்பிடுவது? விற்பனையாளரே என்றா? கடை வாடகை வாங்க வருபவர் எனக்கு அண்ணன். பஸ்ஸில் தள்ளி உட்காரச் சொல்கிற பெண்ணுக்கு நான் அக்கா. நேற்று தங்கள் அலுவலகத்துக்கு விசாரிக்க வந்தபோது, மனுவை எந்த ஜன்னலில் கொடுப்பது என்று வாசல் காவலரைக் கேட்டேன். "அண்ணே" என்றுதான் கேட்டேன். அவர் "மூணாவது ஜன்னல்மா" என்றார். அதனால் அவர் எனக்கு அண்ணனும் ஆகவில்லை, நான் அவருக்குத் தாயாரும் ஆகவில்லை.

மேலும், நான் எழுதிய குறிப்பில் மூன்று சொற்கள் உள்ளன. முதல் சொல்லை மட்டும் படித்துவிட்டுப் பின்னால் இருக்கும் இரண்டையும் விட்டுவிட்டார்கள். தம்பிக்கு என்றது மரியாதைக்கு. காது மெஷினுக்கு என்றதுதான் வியாபாரம். சொந்தத் தம்பியிடம் காது மெஷின் வாங்கிவிட்டு எந்த அக்காவாவது என்னைப் போல் பார்சல் எண் கேட்பாளா என்பதைத் தாங்களே யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

10. பிறகு கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்தேன். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். விசாரணை முடியும் வரை அந்தத் தொகையைத் தற்காலிக வரவு என்று சொல்லி என் கார்டிலேயே திருப்பி வைத்தார்கள். நான் கடையைச் சாவிக்காரரிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்தத் தொகையைக் கார்டிலேயே எடுத்துக்கொள்வது, மீதியைத் தவணையில் கட்டுவது என்று பேசி முடித்தோம். என் கணவரின் காதுக்குள் பசை மாதிரி ஒன்றை வைத்து அச்சு எடுத்தார்கள். அந்தப் பெண், "செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு வாங்க அக்கா, மாட்டி விட்டுடறேன். புதன்கிழமை போய் ஜம்முனு உக்காருவாரு" என்றார். அன்று இரண்டு பேரும் வீடுவரை நடந்தே வந்தோம். அவர் வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பாட்டு என்று நினைக்கிறேன்.

11. இனி எழுதப்போவது என் வாய் செய்த வேலை. கார்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் விசாரணைக்காக அழைத்தார். கடையில் அப்போது நல்ல கூட்டம். தையல்காரர்கள் துணித் துண்டை நீட்டி அதே நிறத்தில் நூல் கேட்டு நின்றுகொண்டிருந்தார்கள். அவர் எடுத்த எடுப்பில், "மேடம், நீங்க ஆர்டர் பண்ண பொருள் உங்களுக்கு வந்து சேர்ந்ததா?" என்றார். வெட்டிய குமிழின் படம் முதல் எல்லாவற்றையும் அனுப்பிய பிறகு இப்படிக் கேட்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் மற்றவர்கள் திட்டுவார்கள், எனக்குக் கேலிதான் வரும். நான் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்:

"வந்துச்சுங்க! பிரமாதமா வந்துச்சு. காதுல வெச்சதும் எங்க வீட்டுக்காரருக்கு ஊர்ச் சத்தமும் கிடையாது, என் தொல்லையும் கிடையாது, நிம்மதியா இருக்காரு. இப்படி ஒரு பொருளுக்கு இன்னும் கூடவே குடுத்திருக்கலாம்."

தையல்காரர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததும் எனக்கு இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டது. "நீங்களும் உங்க கம்பெனியும் புள்ளகுட்டியோட நல்லா இருங்க" என்று முடித்தேன். அவர் "நன்றி மேடம்" என்று வைத்துவிட்டார். அடுத்த கேள்வி கேட்பார், விவரமாகச் சொல்லலாம் என்று ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

12. நேற்று அவர்கள் அனுப்பிய கடிதத்தில் உள்ளது: "பொருள் வந்து சேர்ந்ததையும், தரம் சிறப்பாக இருந்ததையும், குடும்பத்தினர் பயனடைந்ததையும், விலை நியாயமானதே என்பதையும் வாடிக்கையாளர் தொலைபேசியில் உறுதி செய்தார். நிறுவனத்திற்கு வாழ்த்தும் தெரிவித்தார். எனவே புகார் முடித்து வைக்கப்படுகிறது. தற்காலிக வரவு திரும்பப் பெறப்படுகிறது." அதைப் படித்த சாவிக்காரர் முதலில் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, தன் கடைக்குள் போய் எதையோ ராவ ஆரம்பித்தார்.

என் கடைக்கு மேலே இருப்பது அந்தக் கார்டைக் கொடுத்த வங்கியின் கிளைதான். படியேறிப் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "நீங்களே நல்லாருக்குன்னு சொல்லியிருக்கீங்களேம்மா, ரெக்கார்டு ஆகியிருக்கு" என்றார். அது கேலிக்குச் சொன்னது என்றேன். "கேலின்னு போட இதுல இடம் இல்லம்மா" என்றார். அவரும் பாவம், பொய் சொல்லவில்லை. எனக்குத் திரையைத் திருப்பியே காட்டினார். ஆம், இல்லை என்று இரண்டே கட்டம்தான் இருந்தது.

13. ஐயா, நான் சொன்னதைத் தாளில் எழுதிப் படித்தால் புகழ்ச்சிதான். காதால் கேட்டால் அது வசவு. நல்லா இருங்க என்பதை எந்தக் குரலில் சொன்னால் என்ன அர்த்தம் என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்தப் பதிவை யாரும் முழுதாகக் கேட்கவில்லை, யாரோ எழுதியதைப் படித்து முடிவு செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தாங்கள் கேட்டுப் பாருங்கள். என் குரலுக்குப் பின்னால் தையல்காரர்கள் சிரிப்பது கேட்கும். பொருள் நன்றாக வந்தது என்று ஒருத்தி சொன்னால் நாலு பேர் எதற்காக அப்படிச் சிரிக்கப் போகிறார்கள்? அவர்களில் இருவர் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அழைத்த பிள்ளை மீது எனக்குக் கோபம் இல்லை. காலையிலிருந்து எத்தனை பேரிடம் அதே கேள்வியைக் கேட்டிருப்பாரோ. அவர் வேலையைக் கெடுக்க வேண்டாம். பதிவை மட்டும் கேளுங்கள்.

14. கார்டு நிறுவனத்தின் கடிதம் வந்ததை என் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் பெண்ணிடமும் சொல்லவில்லை. அச்சு வார்த்துத் தயாராக இருப்பதாக இன்று காலை அவர் செய்தி அனுப்பியிருக்கிறார். தங்கையிடம் கேட்கலாம் என்றால், அவள் வீட்டில் இப்போதுதான் மகப்பேறுச் செலவு. கடையை அடகு வைக்கலாம் என்றால் மாடிப்படி எனக்குச் சொந்தமில்லை, பொத்தானை யாரும் அடகு வாங்குவதில்லை. வீட்டில் நான் சிரிப்பதையும் விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசிச் சிரித்தால், தன்னைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறேன் என்று அவர் முகம் சுருங்கிவிடுகிறது. முன்பெல்லாம் உண்மையாகவே அவரைப் பற்றித்தான் சொல்லிச் சிரித்தேன், அப்போது அவரும் கூடச் சிரித்தார். இப்போது வேறு எதற்கோ சிரித்தாலும் அவருக்கு வலிக்கிறது.

15. அடுத்ததை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. கிடங்குக்குத் தெரிந்தால் என் கணவர் என்னை மன்னிக்க மாட்டார். ஆனாலும் தங்களிடம் மறைத்துப் பயனில்லை.

காது மெஷின் கைக்கு வருமோ வராதோ என்று அவருக்கு உள்ளுக்குள் சந்தேகம் இருந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. என்னை எதிரே உட்கார வைத்து, சோதனைக்குப் பழக வேண்டும் என்றார். சோதனையில் காதில் ஒலி வரும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டுமாம். ஒலி அனுப்புகிறவர் விசையை அழுத்தும்போது அவருடைய தோள் லேசாக அசையும், அதைப் பார்த்தே தூக்கிவிடலாம் என்று சொன்னார். மேசைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு அழுத்துவது போல் செய்யச் சொன்னார். முதலில் தடுமாறினார். "அது அழுத்தினது இல்ல, கொசு கடிச்சுது" என்று சைகை செய்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் தப்பே செய்யவில்லை. தோளை ஆட்டாமல் விரலை மட்டும் அழுத்தி ஏமாற்றிப் பார்த்தேன். என் கண்ணைப் பார்த்தே கையைத் தூக்கினார். தலையைத் திருப்பிக்கொண்டேன், கழுத்து நரம்பைப் பார்த்துத் தூக்கினார். மெஷினே இல்லாமல், அந்த ரப்பர் குமிழில் மிச்சம் இருக்கும் ஒன்றைப் பார்வைக்கு மாட்டிக்கொண்டு போய்விடலாம் என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

அதுவரை அவர் சோதனையில் தோற்றுவிடுவார் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். இப்போது மெஷின் இல்லை என்று ஆன பிறகு, தேறிவிடுவார் என்று பயப்படுகிறேன். அவர் தேறுவார் ஐயா. எனக்கு நன்றாகத் தெரியும். தேறினால் வியாழக்கிழமை காலை வண்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பின்னால் யாராவது குனிந்து பட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே தாங்கள் தயவு செய்து, கார்டு நிறுவனத்திடமிருந்து அந்தத் தொலைபேசிப் பதிவை வரவழைத்து முழுதாகக் கேட்குமாறும், மூடிய புகாரைத் திறந்து தற்காலிக வரவை மறுபடி என் கார்டில் வைக்க உத்தரவிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். விசாரணை முடிந்து தவறு என் மேல் என்று தீர்ப்பானால் முழுவதையும் வட்டியோடு நானே கட்டுவதாக எழுதிக் கொடுக்கிறேன். ஆப் நிறுவனத்தின் விஷயத்தைத் தாங்கள் பிறகு பொறுமையாக விசாரிக்கலாம். உறவினர் என்று தொடும் இடத்தில், தொட்டால் என்ன ஆகும் என்பதைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னால், என் மாதிரி வாயால் உறவு கொண்டாடுகிறவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் கார்டு விஷயம் செவ்வாய்க்கிழமை மாலைக்குள் நடந்தாக வேண்டும்.

பதிலைத் தயவு செய்து எழுத்தில் தரவும். தொலைபேசியில் அழைத்தால் நான் என்ன சொல்லித் தொலைப்பேனோ, எனக்கே நம்பிக்கை இல்லை. வங்கி மாடிப்படிக்குக் கீழே யாரிடம் கொடுத்தனுப்பினாலும் என்னிடம் வந்து சேர்ந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை மாலை வரை கடையில் காத்திருப்பேன். பதில் வராவிட்டால், புதன்கிழமை காலை அவருக்கு முன்னால் நான் கிடங்குக்குப் போய், என் கணவருக்குக் காது கேட்காது, அவர் கையைத் தூக்கினால் நம்பாதீர்கள் என்று பாதுகாப்பு மேலாளரிடம் சொல்லிவிடுவேன். சொல்வதென்று முடிவு செய்துவிட்டேன். அந்த மேசை வேலையும் அன்றோடு போகும். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார். காது இல்லாத மனுஷர் முகத்தையும் பார்க்காவிட்டால், நான் அவரோடு எப்படிப் பேசுவேன் ஐயா? அந்தக் காரியத்தை என்னைச் செய்ய விடாதீர்கள் என்று தங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: கிரெடிட் கார்டு நகல், ஆப் நிறுவனத்தின் பதில், கார்டு நிறுவனத்தின் கடிதம், விற்றவரோடு பேசிய செய்திகளின் நகல், வெட்டிய குமிழில் ஒரு பாதி.

இடம்: கடைத்தெரு
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் உத்தரவுக்காகக் கடையைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
பொத்தானக்கா